முப்பத்தாறாவது படம்

போனில் எடுத்தால் போதாதாம், என் கணவர் செந்தில்நாதனுக்கு ஃபிலிம் கேமராதான் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை லேக் கார்டன்ஸ் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் முப்பத்தைந்து படம் எடுத்தார். வெயிலில் நிற்க மாட்டேன் என்று நான் கோபித்துக்கொண்டதால் கடைசி ஒன்றை எடுக்கவில்லை.

டாலிகஞ்சில் ஃபிலிம் கழுவும் வங்காளிக் கடைக்காரர் கேமராவைத் திறந்து பார்த்துச் சிரித்தார். ஃபிலிமின் நுனி உள்ளே மாட்டவே இல்லை.

"ரோல் டப்பாவை விட்டு வெளியிலேயே வரலை, தாதா. ஒரு படமும் விழுந்திருக்காது."

"பரவாயில்லை, கழுவிக் கொடுங்க" என்றார் இவர்.

நேற்று பிரிண்ட் வந்தது. முப்பத்தாறு படங்கள். எதிலும் ஏரி இல்லை. எல்லாம் இவர் முகம்தான், கேமராவுக்குள்ளிருந்து எடுத்ததுபோல மிக அருகில். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மறு கண்ணால் உற்றுப் பார்க்கிறார்.

"ஏங்க, இதையெல்லாம் யாரு எடுத்தா?"

அவர் கடைசிப் படத்தை மட்டும் எனக்குக் காட்டாமல் கவிழ்த்து வைத்தார்.

அவர் குளிக்கப் போனதும் திருப்பிப் பார்த்தேன். அதில் இரண்டு கண்களும் மூடியிருந்தன. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்தது.