தோப்பு இருந்த இடம்

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை முடிப்பதற்குள், குணசேகர் தம் சொந்த வீட்டு ஹாலில் இரண்டு வரைபடங்களை விரித்துவிட்டார். பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெங்களூர் கம்பெனியில் அவருக்கு வேலை. மகளைக் கொடுக்கப்போகும் இடத்தை அவர் வேறு எப்படி விசாரிப்பார்?

“கடலூர்ப் பக்கம் கடலோரமா எட்டு ஏக்கர் தென்னந்தோப்புன்னு தரகர் சொன்னாரு. 1920 படத்துல தோப்பு இருக்கு. இந்த 1998 சேட்டிலைட் படத்துல அதே இடத்துல கடல்தான் சார் இருக்கு.”

மாப்பிள்ளையின் அப்பா தண்டபாணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“வாஸ்தவம்தான். கடல் வருஷா வருஷம் உள்ள வருது. பட்டா மட்டும் எங்க பேர்ல இருக்கு.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.”

தண்டபாணி தம் பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்தார்.

“நான் சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். பொண்ணு எடுக்கிற இடத்தை நானும் பார்ப்பேன்ல? இது பெங்களூரோட 1920 படம். இந்த வீடு எங்க வருதுன்னு காட்டுங்க.”

குணசேகர் குனிந்து தேடினார். அவர் விரல் நட்டநடு ஏரியில் போய் நின்றது.

மூன்று படங்களையும் அவரே சேர்த்துச் சுருட்டினார்.

“ஜாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு சார். பொண்ணை வரச் சொல்லட்டுமா?”