பாதி மாத்திரை

நான்காவது தடவையும் சிவப்பு விளக்குதான்.

பெருவிரலை எடுத்து முந்தானையில் துடைத்தாள். திரும்ப வைத்தாள். கைரேகை இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. இல்லை என்றது.

"தலையில தேச்சிட்டு வைங்கம்மா. எண்ணெய் பட்டா சில சமயம் எடுக்கும்" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா.

தலையில் தேய்த்தாள். வைத்தாள்.

சிவப்பு.

அவர் அவள் கையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பத்து விரல் நுனிகளும் கழுவிய பீங்கான் தட்டுப்போல் வழவழவென்று இருந்தன. மருந்துக்குக்கூட ஒரு கோடு இல்லை.

"பாத்திரம் தேச்சீங்களா, கையைத் தேச்சீங்களா?"

"முதுகு சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டினார். விடிகாலை நாலே முக்காலுக்கு முதல் டிரிப். முதுகில் உள்ளங்கை அளவுக்கு அரிப்பு வந்தபோது டாக்டர் நாற்பது நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை, கூடவே களிம்பு. முழு மாத்திரை போட்டால் ஸ்டியரிங்கிலேயே கண் சொக்கியது. பாதியாக உடைத்தார். களிம்பையும் அரிசி அளவுக்குத்தான் பிதுக்கினார். எதையும் மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர்.

பாதி மாத்திரைக்குப் பாதி அரிப்பு போனது.

மற்றப் பாதி இருபத்தாறு வருஷம் இருந்தது.

சாய்ந்து சாய்ந்து தேய்த்ததில் டிரைவர் சீட்டு மூன்று முறை கிழிந்தது. எலி என்று டிப்போவில் பொறி வைத்தார்கள். வாசல் வேம்பில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரிந்து, மரம் ஒரு பக்கம் பட்டுப்போனது. சீப்பு, கரண்டிக் காம்பு, சுவர் முனை எதுவும் அவள் கைக்கு ஈடாகவில்லை. நகம் பட்டால் ரத்தம் வரும். விரல் நுனிச் சதையால்தான் தேய்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, அவர் தூங்கும்வரை.

ஓய்வு பெற்றதும், இனி முழுசாகப் போடலாமே என்றாள். போட்டார். அதற்குள் முழு மாத்திரையைத் தின்று ஏப்பம் விடுகிற அரிப்பாக அது வளர்ந்திருந்தது.

போன மாதம் அவர் போனார்.

குளிப்பாட்டத் திருப்பியபோதுதான் பகல் வெளிச்சத்தில் அந்த முதுகைப் பார்த்தாள். கறுத்து, யானைத்தோலாகத் தடித்து, வரி வரியாக ஓடி, நடுவில் சுழித்து நின்றது. முதுகு அகலத்துக்கு ஒரு பெருவிரல் ரேகை.

அவளுடையது.

மின் மயானத்தில் அது சாம்பலாக முக்கால் மணி நேரம் ஆனது.

"கண்ணைப் பிடிக்கிற மிஷின் இருக்குல்ல சார்" என்றது அவளுக்குப் பின்னால் ரேஷன் வரிசையில் ஒரு குரல்.

"அது தை மாசத்துல இருந்து ரிப்பேர்."

ஓ.டி.பி. அனுப்பக் குமாஸ்தா போன் நம்பர் கேட்டார். அது இறந்தவர் பெயரில் இருந்தது.

மேசையில் ரேஷன் கார்டு கிடந்தது. இரண்டு பேர் கார்டு. சற்று முன்புதான் இறப்புச் சான்றிதழைப் பார்த்துக் கணவர் பெயரைக் கணினியில் நீக்கியிருந்தார் குமாஸ்தா. நீக்குவதற்கு இயந்திரம் விரல் கேட்கவில்லை. அவளை வைத்துக்கொள்ளத்தான் கேட்டது. ரேகை விழாவிட்டால் சாயங்காலத்துக்குள் கார்டு தானாக ரத்தாகிவிடும். அரிசி போகட்டும். அவள் இருக்கிறாள் என்பதற்கு வேறு காகிதம் கிடையாது.

குமாஸ்தாவுக்கே மனசு கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"இது உங்க கைதான்னு அடையாளம் சொல்ல ஆள் யாராச்சும் இருக்காங்களாம்மா? கூட்டிட்டு வாங்க. எழுதி வாங்கிக்கிட்டு முடிச்சுத் தரேன்."

"ஒருத்தர் சொல்வாரு. திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம் அவருக்கு."

"அப்புறம் என்ன. வரச் சொல்லுங்க."

அவள் கணினித் திரையைப் பார்த்தாள்.

"இப்பத்தான் சார் நீங்க எடுத்துட்டீங்க."