வாத்தியார் செய்த கண்ணாடிக் குழாய்

"எல்லா ஊட்டுலயும் பூந்து பாத்தாத்தானுங்க, மோட்டார் வெச்சுத் தண்ணிய உறிஞ்சற களவாணி யாருன்னு தெரியும்!"

தெருக்குழாயடியில் நின்று அம்சவேணி கத்தினாள். அவள் வீட்டுக் குழாயில் ஒரு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருக்குழாயிலோ வீட்டுக்கு ஒரு குடம்தான். மிளகுக் காட்டு வேலைக்கும் போய், சுனையிலிருந்து குடமும் சுமந்து இடுப்பு ஒடிந்திருந்தது, பாவம்.

வார்டு மெம்பர் அப்பாசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குள் அறிவியல் வாத்தியார் கோகுல்நாத் குறுக்கே வந்து நின்றார்.

கையில் நீளமான கண்ணாடிக் குழாய். நடுவில் மட்டும் ஒடுக்கம். அதன்மேல் மூன்று சின்னக் குழாய்கள் நட்டமாக நின்றன. மூன்று நாள் உட்கார்ந்து அவரே ஒட்டியதாம்.

"களவாணியே கிடையாதுங்க. எல்லாம் விஞ்ஞானம். இதுக்குக் கரண்டுகூட வேண்டாம், பாருங்க."

அன்று காலையிலிருந்து மலை முழுக்க மின்வெட்டு. வாத்தியார் ஒரு முனையைத் தெருக்குழாயில் மாட்டி, மறுமுனையை வாளிக்குள் விட்டுத் திறந்தார். ஓரக் குழாய் இரண்டிலும் தண்ணீர் விறுவிறுவென ஏறியது. நடுக்குழாயில் பாதிதான்.

"ஒடுக்கத்துல தண்ணி வேகமா ஓடுது. சக்தி வேகத்துக்கே போயிட்டா, மேல ஏத்த அழுத்தம் ஏதுங்க? அக்கா ஊட்டுக்கிட்டயும் லைன் ஒடுக்கம். அவ்வளவுதான்!"

அப்பாசாமி கண்ணைச் சுருக்கினார். "அப்ப ஓரக் குழாய் ரெண்டும் சேந்துக்கிட்டு நடுக்குழாய்த் தண்ணியத் திருடுதுங்க. ரெண்டுக்கும் அபராதம் போட்டுரலாமா?"

குழாய்க்கு அபராதம் என்றால் யாருக்கு வலிக்கும்? ஊரே தலையாட்டியது. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு, இவர்களுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று குழாய்களிலும் வாளியிலும் பையில் கொண்டுவந்திருந்த சொட்டு நீலத்தைக் கவிழ்த்தார்.

அம்சவேணிக்கு அழுகை முட்டியது. படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும். இனி ஆயுசுக்கும் சுனைதான்.

"போகட்டுமுங்க. யாரூட்டையும் பாக்க வேண்டாம்," என்றாள்.

அந்த நேரம் பார்த்து டீக்கடை டிவி அலறியது. கரண்டு வந்துவிட்டது!

மறுகணம் மூன்று குழாய்த் தண்ணீரும் களக்கென்று இறங்கியது. வாளித் தண்ணீர் வந்த வழியே திரும்பி, தெருக்குழாய்க்குள் விழுந்தடித்து ஓடியது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். வாத்தியார் மட்டும் வீட்டைப் பார்த்து ஓடினார்.

அவர் வாசலை எட்டுமுன் மனைவி தாமரைச்செல்வி வெளியே வந்து கூவினாள்.

"ஏனுங்க, நம்ம தொட்டியில தண்ணி நீலமா வருதுங்க... மோட்டாரை நிறுத்தட்டுங்களா?"