கீழே வரும் எழுத்து

ஞாயிறு மதியம், பிளாக்ஹவுஸ் பே புறநகர் வீட்டின் யன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. டிவியில் பிரெஞ்சுக் கொலைப் படம்: வயல் நடுவே மாட்டுத் தொழுவம், வைக்கோலில் இரத்தம், கோடரியைக் கழுவும் பண்ணைக்காரன். நோபேட் திரையின் கீழே மொழிபெயர்ப்பாக வரும் ஆங்கில எழுத்தை விடாமல் வாசிக்கிறான். பக்கத்தில் மனைவி றோஷினி திரையைப் பாராமல் காய்ந்த உடுப்புகளை மடிக்கிறாள். பண்ணைக்காரன் பிணத்திடம் ஏதோ முணுமுணுக்கிறான். குனிந்த தலை நிமிராமலே அவள் களுக்கென்று சிரிக்கிறாள். நோபேட் எழுத்தை விட்டு அவளைப் பார்க்கிறான்; வாசிக்காமலே எப்படிச் சிரித்தாள்? பாரிசில் இருந்த நாலு வருஷமும் தமிழ்க் கடையில்தான் வேலை, பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது என்று கலியாணம் பேசும்போது சொன்னவள் இவள். எவன் இவளுக்குப் பிரெஞ்சு பழக்கினான்? அவன் றிமோட்டை எடுத்துச் சத்தமில்லாமல் அந்த எழுத்தை மட்டும் வராமல் நிறுத்துகிறான். இப்போது பண்ணைக்காரன் காதலியின் கழுத்தோரம் வாய் வைத்து மெல்லக் கதைக்கிறான். மழைச் சத்தத்துக்குள் அந்தக் குரல் கரகரக்கிறது. றோஷினியின் விரல்கள் நோபேட்டின் சேட்டுக் கொலரில் அப்படியே நிற்கின்றன. முகம் எங்கோ தொலைவில் இருக்கிறது. "என்னவாம் அவன்?" என்று நோபேட் கேட்கிறான். "எனக்கென்னப்பா தெரியும்? கீழ எழுத்து வருதெல்லே, வாசியுங்கோவன்" என்கிறாள் அவள், நிமிராமலே.