குடிக்காத கோப்பை

ஹாஜி ஷலால் காபிக் கோப்பையை வலது கையில் வாங்கினார். உதட்டருகே கொண்டுபோகாமல் அப்படியே மேசைமேல் வைத்தார்.

அறையில் இருந்த அரபிகள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. எல்லார் கண்ணும் அந்தக் கோப்பைமேல் போனது.

அமெரிக்கர் லின்டல் மட்டும் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ருதைனா ஹாஜியையும் லின்டலையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மான் நகரத்து ஹோட்டல்களில் இந்த அமெரிக்க-அரபு உரையாடல் கூட்டங்களை ஏழு வருடமாக நடத்திக்கொண்டிருப்பவள் அவள்.

ஒன்றைக் கேட்டு வந்தவர் காபியைத் தொடாமல் வைத்தால், வீட்டுக்காரர் வாயைத் திறந்தாக வேண்டும். 'குடியுங்கள், கேட்டது நடக்கும்' என்று சொல்லிவிட்டால் தலை போனாலும் பின்வாங்க முடியாது. சொல்லாவிட்டால் வந்தவர் குடிக்காமலே எழுந்து போவார். அந்த அவமானம் அந்த வீட்டை லேசில் விடாது.

இங்கே வீட்டுக்காரர் லின்டல்தான். ஹோட்டல் அறையிலிருந்து இந்தக் காபிவரை எல்லாம் அவர் தரப்பு உபயம்.

ஹாஜி கேட்டு வந்தது ஒன்றே ஒன்று. அவருடைய மகன் தியாப், இராக்கில் அமெரிக்கப் படைக்கு நான்கு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். கூடவே கூட்டிப்போகிறோம், விசா தருகிறோம் என்றார்கள். படை போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவனைத் தீர்த்துக்கட்டத் தேடுகிறவர்களுக்குப் பயந்து இப்போது பதினான்காவது வீட்டில் ஒளிந்திருக்கிறான். வாஷிங்டனில் லின்டல் உறுப்பினராக இருக்கும் குழுவிலிருந்து ஒரு கடிதம் போனால் அவன் விசாக் கோப்பு நகரும்.

காலையில் ஹாஜிக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மகன் பேரை நான்கு தடவை சொன்னார். "ரொம்ப முக்கியமான கருத்து" என்று லின்டல் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் பரஸ்பர நம்பிக்கையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் கிழவர் இப்போது கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ருதைனாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வருகிற அமெரிக்கர்களுக்கு நம் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்புவது அவள் வேலை. வலது கையால் வாங்கு, செருப்பின் அடிப்பக்கத்தைக் காட்டாதே, போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டு. குடிக்காத கோப்பையைப் பற்றியும் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தைத் தாண்டுகிறது என்று வாஷிங்டன் அலுவலகம் அந்த மூன்று வரியை வெட்டச் சொன்னது. அவளும் சரி என்று வெட்டினாள். போயும் போயும் அதையா வெட்ட வேண்டும்.

காபி ஆறியது. பரிமாறுகிறவர் அதை எடுத்துவிட்டுச் சூடாக ஊற்றலாம் என்று கை நீட்டினார். ஹாஜியின் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

பக்கத்தில் இருந்த பேராசிரியர் தன் கோப்பையையும் குடிக்காமல் வைத்தார். அடுத்து பத்திரிகைக்காரர். அடுத்து வக்கீலம்மா. ஏழு கோப்பைகள் வரிசையாக நின்றன.

லின்டல் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல உரையாடல். பத்து நிமிஷம் இடைவேளை."

ருதைனா கிட்டத்தட்ட ஓடினாள். ஜன்னலோரம் பேரீச்சம்பழப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த லின்டலை மடக்கினாள். விருந்தாளிகள் பற்றிய கையேட்டில் அவருக்கு நான்கே வரிதான் போட்டிருந்தது: பல்கலைக்கழகம், குழு, இரண்டு விருது. பாவம், மனுஷனுக்கு என்ன தெரியும், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடத்தான் போனாள்.

"சார், ஹாஜி முன்னாடி இருக்கற அந்தக் கோப்பை…"

"தெரியும், ருதைனா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ராணுவத்துல இருந்தப்ப இராக்குல, ரமாதி ஊர்ல ரெண்டு வருஷம் இருந்தேன். இந்த மாதிரி என் முன்னாடி எத்தனை கோப்பை வெச்சிருப்பாங்க. அதனாலதான் அந்தப் பக்கமே திரும்பல. பார்த்துட்டா குடிங்கன்னு சொல்லணும். சொல்லிட்டா கடிதம் எழுதணும். தேர்தல் வருஷத்துல என்னால எழுத முடியாது."

கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி போய் உட்கார்ந்தார்.

அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஏழு வருடம். இவர்களுக்கு நம்மைப் புரியவில்லை, புரிய வைத்துவிட்டால் போதும் என்றுதானே கூட்டத்துக்குமேல் கூட்டமாக நடத்தினாள்.

ஹாஜி கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. போகிற வழியில் அவள் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவரைக் கோவிச்சுக்காதம்மா. நம்ம வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா, ஒரு தகப்பன் வெச்ச கோப்பையப் பார்த்துட்டு எந்த மனுஷனாவது சும்மா உக்காந்திருப்பானா? அடுத்த தடவை நீ முன்னாடியே சொல்லி வை. தியாப்கிட்டயும், அவருக்குத் தெரியாமப் போச்சுன்னுதான் சொல்லப்போறேன்."

ருதைனா அவர் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனாள்.

"ஆமா ஹாஜி," என்றாள். "அவருக்குத் தெரியாது."