சாரின் கடைசி மாணவன்

சுந்தர்சிங் சார் நாசரேத்தில் முப்பத்தாறு வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு ஒரே ஒரு மாணவன். முகம் தெரியாது. தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு வாக்கியம் அனுப்புவான். சார் திருத்தி அனுப்பினால், "நன்றி சார்" என்று பதில் வரும்.

"யாருங்க அது?" என்று கேட்டாள் மனைவி தேவகனி.

"தூத்துக்குடி ஹார்பர்ல பார்சல் ஆபீஸ் பையன்போல. எல்லாம் பார்சல் பத்தித்தான் எழுதுதான். 'பார்சல் டிட் நாட் கேம்'னான். 'டிட்' வந்துட்டா 'கம்'தான் வரணும்னேன். 'வீ சென்டட்'னான். அப்படி ஒரு சொல்லே கிடையாது, 'சென்ட்'னேன். ஒரு தரம் திருத்துனா மறு தரம் அந்தத் தப்பு வராது. இப்படி ஒரு பய எனக்கு வகுப்புல வாய்க்கவே இல்ல."

டிசம்பரில் ஒரு நாள் சார் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, தேவகனி வாசலிலேயே நின்றாள்.

"நம்ம மவன் பெவின் துபாய்ல இருந்து கிறிஸ்துமஸுக்குப் பார்சல் அனுப்பியிருக்கான். ஹார்பர்ல நிக்குதாம். என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. பேங்க் ஓ.டி.பி. கேட்டாங்க, சொல்லிட்டேன்."

சார் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார்.

"இங்கிலீஷைத் தப்பும் தவறுமா எழுதுதவன் களவாணிப் பய, நம்பாதேன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்!"

"அதைப் பார்க்காமலா சொன்னேன்? ரெண்டு தரம் படிச்சேன். நாலு வரியிலயும் ஒரு தப்பு இல்ல."

சார் போனை வாங்கிப் படித்தார். தப்பு இல்லைதான். நான்கு வரியும் அவர் திருத்திக் கொடுத்தவை.