வீடு வாங்க வந்தவனுக்கு விருந்து

"ஏய் டோரத்தியா, ஓடி வா! லவீனியா அக்கா அவனை உட்கார வச்சு சோறு போடுறாங்க!"

எதிர்வீட்டு ஜெனீவா வேலி மேல தொங்கிக்கிட்டு கத்தினா. நான் நறுக்கிக்கிட்டிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுட்டு ஓடினேன்.

"எவனைடி?"

"வீடு வாங்குறேன்னு அலையுறானே, அந்த அட்லாண்டாக்காரனை!"

எனக்குப் பகீர்னுச்சு. அவனுக்குப் பச்சைத் தண்ணி கூடக் கொடுக்கக் கூடாதுன்னு போன ஞாயிறுதான் சர்ச் சபையில எல்லாரும் கை தூக்கியிருந்தோம். கறுப்பங்களுக்கு வேற எங்கேயும் மனை கிடையாதுன்னு விரட்டின காலத்துல, எங்க தாத்தாமார் சேர்ந்து கட்டின தெரு இது. ஒரு வீடு போச்சுன்னா போதும், வரிசையா எல்லாம் போயிடும்.

கை தூக்க வச்சதே என் வீட்டுக்காரர் அலோன்ஸோதான். சபை மூப்பராச்சே! வீட்டுக்கு வீடு 'விற்பனைக்கு இல்லை'ன்னு பலகை நட்டதும் அவர்தான். நடும்போது கட்டைவிரலைச் சுத்தியால நசுக்கிக்கிட்டு மூணு நாள் என்னைப் படுத்தினது தனிக்கதை.

போய்ப் பார்த்தா, அக்கா வீட்டு முன் தாழ்வாரத்துல மேசை போட்டாச்சு. வறுத்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி. அவன் டையைத் தோள் மேல தூக்கிப் போட்டுக்கிட்டு வெளுத்து வாங்குறான்.

"இன்னொரு துண்டு வச்சுக்கோ தம்பி. இளைச்சுப் போயிருக்கே."

இளைச்சவனா அவன்? நாற்காலி முனகுது!

எனக்கு வயிறு எரிஞ்சது. அக்கா கோழி வறுத்து எனக்குக் கொடுத்தே ரெண்டு மாசம் ஆச்சு.

கொஞ்ச நேரத்துல தெருவே கூடிடுச்சு. என் வீட்டுக்காரரும் வந்து முன் வரிசையில நின்னார். அக்கா யாரையும் கண்டுக்கவே இல்லை.

"முதல்ல பையில இருக்குற காகிதம் எல்லாத்தையும் எடுத்துப் பரப்பு தம்பி. ஒண்ணு விடாம பார்க்கணும். அதுக்குள்ள இனிப்பு கொண்டு வரேன்."

அவனுக்கு வாயெல்லாம் பல். மேசை முழுக்கப் பரப்பிட்டான்.

அக்கா உள்ளே போய் பீச் காப்ளர் சட்டியோட வந்தாங்க. மேல மொறுமொறுன்னு மாவு, அடியில பழமும் பாகும். வாசனை தெருக்கோடி வரைக்கும் போச்சு. அறுபத்தெட்டு வயசுலயும் சபைப் பாட்டுக் குழுவுக்கு முன்னாடி நின்னு ஆடிப் பாடுற கால் அது. அன்னிக்கு என்னமோ சமதரையில இடறிச்சு.

சட்டி அப்படியே கவிழ்ந்துடுச்சு. முக்கால்வாசி காகிதத்து மேல, கால்வாசி அவன் பேன்ட் மேல.

"ஐயையோ! கையெழுத்தான காகிதம்மா அது! வேற பிரதி இல்லையே!"ன்னு குதிச்சான்.

"அடடா, வயசாச்சுப்பா, கண்ணு தெரியலை"ன்னு அக்கா துடைச்சாங்க. துடைக்கத் துடைக்க பாகு இன்னும் நல்லாப் பரவிச்சு. கடைசியில எல்லாத்தையும் சுருட்டி அக்காவே எடுத்துக்கிட்டாங்க. அவன் ரெண்டு தேனீ துரத்தத் துரத்த காருக்கு ஓடினான். தெருவே விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் ஜெனீவா தோளைப் பிடிச்சுக்கிட்டு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கலை.

"சிரிக்கிற விஷயமா இது? கையெழுத்தான காகிதம்னு அவன் வாயாலேயே சொன்னானே, காதுல விழலை? லவீனியா, தாத்தன் கட்டின வீட்டை வித்துட்டியா? இனி எந்த மூஞ்சியோட சபைக்கு வருவே?"

சிரிப்பு டக்குனு நின்னுடுச்சு. அட ஆமா, சொன்னானே!

"இனிமே பாட்டுக் குழுவுல உங்களுக்கு இடமில்லைக்கா!"ன்னா ஜெனீவா.

நாப்பது வருஷமா அந்தக் குழுவுக்கு அக்காதான் தலைமை. அவங்களுக்கு உசுரே அதுதான். முகம் ஒரு நிமிஷம் சுண்டிப்போச்சு.

உள்ளே போய், அலுமினியத் தாள் போட்டு மூடின தட்டு ஒண்ணோட வந்தாங்க. எங்க தெருவுல சண்டைக்கு வந்தவங்களைக் கூட வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்.

"அலோன்ஸோ, இதை வீட்டுல போய் நீ மட்டும் பிரி."

"உன் சோறு யாருக்கு வேணும்?"

நான் வாங்கிக்கிட்டேன். கோபம் வேற, காப்ளர் வேற. சட்டியில ஒட்டினது கொஞ்சமாவது இருக்காதா?

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில வச்சுப் பிரிச்சேன். 'நீ மட்டும்'னு சொன்னாங்களேன்னு கேட்காதீங்க. முப்பத்தோரு வருஷமா அந்த மனுஷரோட தட்டை நான்தான் பிரிக்கிறேன்.

காப்ளர் இல்லை. பாகுல ஊறி உப்பின ஒரு விற்பனைப் பத்திரம், நாலா மடிச்சு இருந்துது.

தெருவுல இன்னும் அவர் குரல்தான் கேட்குது. "முதல்ல வித்தவளை இந்தத் தெரு மன்னிக்கவே மன்னிக்காது!"

மெதுவா விரிச்சேன். அக்கா வீட்டு எண் இல்லை, எங்க வீட்டு எண். தேதி, அன்னிக்கேதான். காலையில நான் சந்தைக்குப் போன நேரத்துல அவன் இங்க வந்து போனதை அக்கா பார்த்திருக்கணும். அடியில, பாகு படாம பளிச்சுன்னு என் வீட்டுக்காரர் கையெழுத்து.